மலையைக் காட்டியவர்கள்

அகத்தியமலைக்கு விஞ்ஞானிகளையும் பக்தர்களையும் மலையேறிகளையும் அழைத்துச் செல்பவர்கள் காணிகள். அவர்கள் காட்டிய ஒரு செடி உலகப் புகழ் பெற்றது. வழிகாட்டிக்குச் சேரவேண்டிய பங்கு எவ்வளவு என்ற கணக்குதான் இன்னும் தீரவில்லை.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக சுமார் 60 கி.மீ. போனால் போனக்காடு. மூடிக் கிடக்கும் தேயிலைத் தோட்டம், துருப்பிடித்த இயந்திரங்களுடன் ஒரு பழைய தொழிற்சாலை, வேலை போன பிறகும் லயங்களைக் காலி செய்ய மனமில்லாத தொழிலாளர் குடும்பங்கள். வருடத்தில் பெரும்பகுதி தூங்கும் இந்த ஊர் ஜனவரி நடுவில் விழித்துக்கொள்கிறது. வனத்துறைச் சாவடி முன்பு முதுகுப் பைகளுடன் வரிசை நீள்கிறது. அடையாள அட்டை பார்க்கிறார்கள். பைகளைத் திறந்து பிளாஸ்டிக், மது, சிகரெட் இருக்கிறதா என்று துழாவுகிறார்கள். பிறகு ஆட்களைக் குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வழிகாட்டியைக் காட்டுகிறார்கள்.

மெலிந்த உடம்பு, கையில் ஒரு வெட்டுக்கத்தி, பெரும்பாலும் பேச்சு குறைவு. அவர் காணிக்காரர். அடுத்த இரண்டு இரவும் மூன்று பகலும் அந்தக் குழுவின் உயிர் அவர் பொறுப்பு.

அகத்தியகூடம் என்று மலையாளிகளும் பொதிகை என்று தமிழர்களும் சொல்லும் இந்தச் சிகரத்தின் உயரம் 1,868 மீட்டர். கேரளத்தின் மிக உயர்ந்த மலை இதுவல்ல, அந்தப் பெருமை ஆனைமுடிக்கு. ஆனால் ஏற அனுமதி கிடைப்பது இதைவிடக் கடினமான மலைகள் தென்னாட்டில் குறைவு. ஜனவரி நடுவில் தொடங்கி மகா சிவராத்திரியை ஒட்டி முடியும் சில வாரங்கள்தான் முக்கிய சீசன். நாளொன்றுக்கு 100 பேர் அளவில்தான் அனுமதி. இணையத்தில் முன்பதிவு திறந்த சிறிது நேரத்திலேயே இடங்கள் தீர்ந்துபோவது வழக்கம். 14 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இடமில்லை.

ஒரு வழிக்கு சுமார் 20 கி.மீ. நடக்க வேண்டும். குதிரை, கோவேறு கழுதை, ஜீப் எதுவும் கிடையாது. முதல் நாள் ஓடைகளைத் தாண்டி, நிழல் அடர்ந்த காட்டிலும் ஆளை மறைக்கும் புல்வெளியிலும் நடந்து அதிருமலை முகாமை அடைகிறார்கள். யானை வராமலிருக்க அகழி வெட்டிய அந்த முகாமில் கஞ்சியும் பயறும் கிடைக்கும். மறுநாள் விடியலில் பொங்காலப்பாறை வழியாகச் சிகரத்துக்கு. கடைசிப் பகுதி வழுக்குப் பாறை. கட்டிவிட்டிருக்கும் கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். உச்சியில் கூரையில்லாத வெட்டவெளியில் அகத்தியர் சிலை. நின்ற இடத்திலிருந்து ஒரு பக்கம் கேரளம், மறுபக்கம் திருநெல்வேலிச் சீமை.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த மலையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அகத்தியரும் தமிழும் தென்றலும் தாமிரபரணியும் சேர்ந்து வாழும் இடம். அதனால் வரிசையில் தமிழ்க் குரல்கள் கணிசமாகக் கேட்கும். ஒரு காலத்தில் பாபநாசம், பாணதீர்த்தம் வழியாகவும் யாத்திரை போனார்கள். அந்தப் பக்கம் இன்று களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். ஆகவே தமிழ்நாட்டு பக்தர்களும் கேரள வழியையே நாடுகிறார்கள்.

மேற்குச் சரிவில் இறங்கும் தண்ணீர் கரமனையாறாகி பேப்பாறை அணையில் தேங்கி, அருவிக்கரை வழியாகத் திருவனந்தபுரத்தின் குழாய்களுக்கு வருகிறது. கிழக்குச் சரிவின் தண்ணீர் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் வயல்களுக்குப் போகிறது. யுனெஸ்கோ 2012ல் மேற்குத் தொடர்ச்சி மலையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது இந்தப் பகுதியும் அதில் இடம்பெற்றது. 2016ல் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் உலகப் பட்டியலில் சேர்ந்தது. 3,500 சதுர கி.மீ. பரப்பில் 2,254 வகை உயர்தாவரங்கள், அதில் 400 வேறெங்கும் இல்லாதவை என்பது யுனெஸ்கோ தரும் கணக்கு.

பட்டியல் போடுவதற்கு முன்பே இந்தத் தாவரங்களில் பலவற்றுக்குப் பெயரும் குணமும் தெரிந்து வைத்திருந்தவர்கள் காணிகள்.

பெயரில் நிலம், கையில் இல்லை

காணி என்றால் தமிழில் நிலம், நிலத்தின் மீதான பரம்பரை உரிமை. அந்தப் பெயரைத் தாங்கிய மக்கள் காட்டில் தங்களுக்கு என்ன உரிமை என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக்கொண்டிருப்பது சரித்திரத்தின் குத்தல். கேரளத்தில் சுமார் 20,000 பேர், பெரும்பாலும் திருவனந்தபுரம் மாவட்டத்தில். எல்லைக்கு இப்பால் பாபநாசம் மலைகளிலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் சிறு குடியிருப்புகள் உள்ளன. பேச்சு தமிழும் மலையாளமும் கலந்தது. ஊருக்குத் தலைவர் மூட்டுக்காணி. மருந்தும் மந்திரமும் அறிந்தவர் பிலாத்தி. நோய்க்கு எந்த இலை என்பது பிலாத்தியின் ரகசியம். அதைக் கண்டவரிடம் சொல்வது சமூக வழக்கத்துக்கு விரோதம்.

திருவிதாங்கூர் அரச குடும்பத்துடன் இவர்களுக்குப் பழைய உறவு. 18ம் நூற்றாண்டில் எதிரிகளிடமிருந்து தப்பியோடிய இளம் மார்த்தாண்ட வர்மாவைக் காட்டில் மறைத்துக் காப்பாற்றியவர்கள் காணிகள் என்று சொல்லப்படுகிறது. அந்த நன்றியின் தொடர்ச்சியாக இன்றும் ஓணத்துக்கு முன் தேன், மூங்கில் பொருட்கள், காட்டு விளைச்சல் ஆகியவற்றுடன் கவடியார் அரண்மனைக்கு வருகிறார்கள். பதிலுக்கு வேட்டியும் பணமும் பெற்றுத் திரும்புகிறார்கள். ராஜாவுக்கே வழிகாட்டியவர்கள் என்ற பெருமை அவர்களுக்கு உண்டு. ஆனால் 19ம் நூற்றாண்டின் இறுதியில் அதே அரசின் வனச் சட்டங்கள் காட்டை ரிசர்வ் ஆக்கின. காட்டை எரித்து, விதைத்து, இடம் மாறி வாழ்ந்த பழக்கம் படிப்படியாக முடிவுக்கு வந்தது. சொந்தக்காரன் குடியிருப்பவன் ஆனான்.

வெளியுலகம் இந்த மலையில் ஏறியதற்கு நல்ல ஆவணம் 1850களிலிருந்து கிடைக்கிறது. திருவனந்தபுரம் வானியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக 1852ல் வந்தவர் ஜான் ஆலன் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். பூமியின் காந்தப் புலமும் வானிலையும் உயரத்துக்கேற்ப எப்படி மாறுகின்றன என்று ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் அளந்து பார்க்க விரும்பினார். நகரத்தில் ஒரு கூடம் ஏற்கெனவே இருந்தது. இரண்டாவதை 1855ல் அகத்தியமலை உச்சியில் கட்டினார். நுட்பமான கருவிகளும் கட்டுமானப் பொருட்களும் யானைக்காட்டின் ஊடே ஆள் சுமையாகவே மேலே போயின. 1865ல் பிரவுன் ஊர் திரும்பினார். அவர் எடுத்த அளவுகள் 1874ல் புத்தகமாக வந்தன. அட்டையில் அவர் பெயர் இருக்கிறது. சுமந்தவர்கள், பாதை வெட்டியவர்கள் பெயர் யாருக்கும் நினைவில்லை.

மலை வரலாறுகள் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான்.

குதிரையும் தூண்டிலும்

இதே கேரளத்தில் இன்னொரு மலைப்பகுதியை எடுத்துக்கொள்ளலாம். மூணாறில் தேயிலை போட்ட ஆங்கிலேய துரைமார்கள் தங்கள் ஓய்வுக்கு ஊரிலிருந்தே விளையாட்டுகளைக் கொண்டு வந்தார்கள். குதிரை ஏறி மேட்டுப் புல்வெளிக்குப் போவது, வரையாட்டை வேட்டையாடுவது, குளிர்ந்த ஓடையில் டிரவுட் மீன் பிடிப்பது. டிரவுட் இந்த மண்ணின் மீனல்ல. ஓடைகளில் கொண்டுவந்து விட்டு வளர்த்தார்கள். அதைப் பிடிக்க மண்புழு போதாது. இறகும் நூலும் சுற்றி, பூச்சி போலவே செய்த பொய்யிரையைத் தண்ணீர் மேல் தவழ விட வேண்டும். அந்த மேட்டு நிலத்தில் மிருகம் எங்கே மேயும், மேகம் எப்போது இறங்கும் என்று தெரிந்தவர்கள் முதுவான் பழங்குடியினர். வேட்டைப் பகுதியின் காவலர்களாகவும் தடம் பார்ப்பவர்களாகவும் துரைமார் வைத்துக்கொண்டது அவர்களைத்தான். அந்த நிலம் 1975ல் சரணாலயமாகவும் 1978ல் இரவிகுளம் தேசியப் பூங்காவாகவும் ஆனது. துரைகள் போனார்கள். வரையாடு பிழைத்தது. காவலுக்கு முதுவான்கள் அப்போதும் தேவைப்பட்டார்கள்.

துரைமார் கொண்டுவந்த அந்த விளையாட்டு அமெரிக்காவில் இன்று ஒரு தொழில். ராக்கி மலைகளில் கோடைக்காலத்தில் குதிரையேறிப் பல நாள் காட்டுக்குள் தங்கி டிரவுட் பிடிக்கும் பயணங்களுக்குப் பெரும் பணம் கொடுத்துப் போகிறார்கள். 1964ம் ஆண்டு வனச் சட்டப்படி காப்பிடப்பட்ட அந்தக் காடுகளுக்குள் மோட்டார் வாகனம் நுழையக் கூடாது. ஆகவே குதிரையும் கோவேறு கழுதையும்தான் வண்டி. மோன்டானா போன்ற மாநிலங்களில் இப்படிப் பயணம் நடத்த லைசென்ஸ் வேண்டும். அதை நடத்துபவர் முதலாளி. குதிரைகளும் கூடாரமும் அவருடையவை. கட்டணத்தை நிர்ணயிப்பவரும் அவரே.

அகத்தியமலையில் கட்டணம் வனத்துறையின் கணக்கில் சேர்கிறது. சூழல் மேம்பாட்டுக் குழு என்ற பெயரில் காணிகள் சிற்றுண்டிக் கடை நடத்துகிறார்கள், வழிகாட்டுகிறார்கள். அந்தச் சில வாரங்களுக்குக் கூலி கிடைக்கிறது. மோன்டானாக்காரருக்குத் தொழிலாக இருப்பது காணிக்கு சீசன் வேலை. இருவரும் செய்வது ஒன்றுதான்.

வழிகாட்டியின் வேலையைக் கால்நடைத் துணை என்று நினைப்பது பட்டணத்துக்காரரின் அறியாமை. சாணத்தின் ஈரம் பார்த்து யானை போய் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சொல்ல வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நடக்க வேண்டும். மேகம் மூடினால் உச்சியில் நிற்பவர்களை அதட்டி இறக்க வேண்டும். 2018 மார்ச் 11ல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்ற குழுக்கள் காட்டுத் தீயில் சிக்கின. 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காட்டுக்குள் யார், யாருடைய பொறுப்பில் நுழைகிறார்கள் என்ற கேள்வி அன்றுதான் தமிழ்நாட்டில் உரக்கக் கேட்டது.

ஒரு பழத்தின் கதை

காணி வழிகாட்டியின் அறிவுக்கு என்ன விலை? இந்தக் கேள்விக்கு உலகத்திலேயே முதன்முதலாக ரூபாயில் பதில் எழுத முயன்றது இந்த மலையடிவாரத்தில்தான்.

1987 டிசம்பர். பழங்குடியினரின் தாவர அறிவைத் தொகுக்கும் அகில இந்தியத் திட்டம் ஒன்றின் சார்பில் டாக்டர் பி. புஷ்பாங்கதன் தலைமையில் விஞ்ஞானிகள் குழு அகத்தியமலைக் காட்டில் நுழைந்தது. வழிகாட்டக் காணி இளைஞர்கள். ஏற்றத்தில் விஞ்ஞானிகள் மூச்சு வாங்கினார்கள், வழிகாட்டிகளோ களைப்பே இல்லாமல் நடந்தார்கள். நடுவில் ஏதோ சிறு பழத்தை வாயில் போட்டுக்கொண்டிருந்தார்கள். களைத்தவர்களுக்கும் கொடுத்தார்கள். தின்றவர்களுக்குப் புதுத் தெம்பு வந்தது.

அது என்ன செடி என்று கேட்டதற்கு உடனே பதில் வரவில்லை. அது சமூகத்தின் ரகசியம். அறிவைத் தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று நம்பிக்கை தந்த பிறகே காட்டினார்கள். ஆரோக்கியப் பச்சை. காட்டு மர நிழலில், ஓடைக்கரை ஈரத்தில் வளரும் சிறு செடி. தாவரவியலில் டிரைகோபஸ் ஜெய்லானிகஸ். இதே இனம் இலங்கையிலும் உண்டு. ஆனால் அதை இப்படிப் பயன்படுத்தும் வழக்கம் காணிகளுடையது.

பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையத்தில் பல வருடம் ஆய்வு நடந்தது. பழத்தைவிட இலையில் பயன் அதிகம் என்று கண்டார்கள். ஆரோக்கியப் பச்சையுடன் அசுவகந்தா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து ஜீவனி என்ற மருந்து உருவானது. களைப்பைப் போக்கும், எதிர்ப்பு சக்தி தரும் மருந்து என்றார்கள். 1995ல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மஸிக்கு 7 வருடத்துக்குத் தயாரிப்பு உரிமை தரப்பட்டது. லைசென்ஸ் கட்டணம் ரூ. 10 லட்சம். விற்பனையில் 2 சதவிகிதம் ராயல்டி. இரண்டிலும் சரிபாதி காணிகளுக்கு என்று ஆராய்ச்சி நிலையம் முடிவு செய்தது.

அந்தக் காலத்துக்கு அது துணிச்சலான முடிவு. உயிரினப் பன்மை குறித்த ஐ.நா. உடன்படிக்கை 1992ல்தான் கையெழுத்தானது. அறிவைத் தந்தவருக்கு லாபத்தில் பங்கு என்று அதில் எழுதியிருந்தாலும் எந்த நாட்டிலும் நடைமுறை உருவாகியிருக்கவில்லை. இந்தியாவில் அதற்கான சட்டம் வந்ததே 2002ல். ஆகவே உலகெங்கும் கருத்தரங்குகளில் காணி மாதிரி என்று இதைப் பேசினார்கள். பாடப்புத்தகங்களில் சேர்த்தார்கள்.

மலையடிவாரத்தில் நடந்தது அவ்வளவு சுலபமாக இல்லை.

முதல் சிக்கல், பணத்தை யாரிடம் கொடுப்பது? காணிகளுக்குப் பதிவு பெற்ற அமைப்பே கிடையாது. 1997 நவம்பரில் கேரள காணி சமுதாய க்ஷேம டிரஸ்ட் பதிவானது. 1999ல்தான் ரூ. 5 லட்சத்துக்குச் சற்று அதிகமான தொகை அதன் கைக்கு வந்தது. செடியைக் காட்டி 11 வருடம் கடந்திருந்தது.

இரண்டாவது சிக்கல், எல்லாக் காணிகளும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. வழிகாட்டிகள் குற்றிச்சல் பகுதிக்காரர்கள். மற்றப் பகுதிகளில் இருந்தவர்களிடம் யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. பிலாத்திகளில் சிலர் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். ஒரு சமூகத்தின் ரகசியத்தை இரண்டு மூன்று இளைஞர்கள் கையளிக்க முடியுமா என்பது அவர்கள் கேள்வி. இது பணத் தகராறு மட்டுமல்ல. வழிகாட்டி என்பவர் தனி மனிதரா, சமூகத்தின் பிரதிநிதியா? அதற்கு ஒப்பந்தத்தில் விடையில்லை.

மூன்றாவது சிக்கல், இலை. மருந்து தயாரிக்க இலை வேண்டும். செடி நன்றாக வளர்வது இயற்கைக் காட்டு நிழலில்தான். சில காணிக் குடும்பங்கள் பயிர் செய்து விற்க ஆரம்பித்தன. அங்கே வனத்துறை குறுக்கிட்டது. ரிசர்வ் காட்டிலிருந்து போகும் இலை பயிரிட்டதா, பறித்ததா என்று எப்படித் தெரியும், பிறகு காட்டுச் செடியே மிஞ்சாது என்பது துறையின் வாதம். அதில் நியாயம் இல்லாமலில்லை. வெளியாட்கள் செடிகளை வேரோடு பிடுங்கிய சம்பவங்களும் நடந்தன. விளைவு, மருந்துக்குத் தேவை இருந்தும் இலை போதவில்லை. இலை இல்லாமல் விற்பனை இல்லை. விற்பனை இல்லாமல் ராயல்டி இல்லை. அறிவுக்குப் பங்கு தர ஒரு துறை ஒப்புக்கொண்டது, அந்தச் செடியைத் தொட இன்னொரு துறை விடவில்லை.

நான்காவது, பெயர். ஜீவனி என்ற பெயரை வெளிநாட்டில் யாரும் பதிவு செய்து காப்பாற்றவில்லை. அமெரிக்காவில் ஒரு நிறுவனம் அதே பெயரைத் தன் வணிக முத்திரையாகப் பதிவு செய்துகொண்டது. காப்புரிமை விண்ணப்பங்களில் விஞ்ஞானிகளின் பெயர்களே கண்டுபிடிப்பாளர்களாக இருந்தன. பிரவுன் புத்தக அட்டை கதைதான் மறுபடியும்.

ஆனாலும் ஜீவனி தோல்வி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. வழிகாட்டிக்குக் கூலி கொடுத்தால் போதும், அவர் சொன்னதெல்லாம் இலவசம் என்று உலகம் நம்பியிருந்தது. அந்த நம்பிக்கையை முதலில் உடைத்தது திருவனந்தபுரம். பின்னால் வந்த 2006 வன உரிமைச் சட்டம், உயிரினப் பன்மை தொடர்பான மரபு அறிவு மீது சமூகத்துக்கு உரிமை உண்டு என்று தெளிவாகச் சொன்னது. 2010ல் நகோயாவில் உருவான சர்வதேச ஒப்பந்தம் பங்கு பிரிப்பதற்கு விதி வகுத்தது.

அறிவு இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கும் சாட்சி உண்டு. விதுராவுக்கு அருகில் கல்லாறு காட்டில் வாழும் காணி வைத்தியர் லட்சுமிக்குட்டி அம்மாவுக்கு 2018ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. விஷக்கடிக்கு மருந்து தருவதில் பெயர் பெற்றவர். தாயிடம் கற்றதை ஏட்டில் எழுதாமல் நினைவில் வைத்திருப்பவர். நாடு முழுவதும் அவர் படம் வெளிவந்தது.

பெண்கள் ஏறிய நாள்

எழுதி வைக்காத அறிவை மதிப்பது சுலபம். எழுதி வைக்காத வழக்கத்தை என்ன செய்வது? அகத்தியமலையில் அந்தக் கேள்வியும் எழுந்தது.

காணிகளுக்கு உச்சியில் இருப்பவர் குலதெய்வம். பெண்கள் அங்கே போகக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. காணிப் பெண்களே போவதில்லை. வனத்துறையும் நீண்ட காலம் பெண்களுக்கு அனுமதி தரவில்லை. கோழிக்கோடு, மலப்புரம் பெண்கள் அமைப்புகள் நீதிமன்றம் போயின. மலையேற்றத்தில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்று 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 ஜனவரி 14ல் திருவனந்தபுரத்தில் பாதுகாப்புத் துறையின் மக்கள் தொடர்பு அதிகாரியாக இருந்த தன்யா சனல் போனக்காட்டிலிருந்து கிளம்பி, மறுநாள் உச்சியை அடைந்தார். தீர்ப்புக்குப் பின் ஏறிய முதல் பெண். அடிவாரத்தில் காணி ஆண்களும் பெண்களும் பாட்டுப் பாடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். யாரையும் தடுக்கவில்லை.

சபரிமலையில் அதே மாதங்களில் நடந்த கலவரங்களோடு ஒப்பிட்டால் இந்த நிதானம் கவனத்துக்குரியது. பெண்களின் உரிமை பற்றி இரண்டு கருத்து இருக்க முடியாது. 100 ஆண்கள் போகலாம், ஒரு பெண் போகக் கூடாது என்பதற்கு அரசாங்கத் துறை காவல் நிற்க முடியாது. ஆனால் காணிகளின் மனக்குறையில் வேறொன்றும் கலந்திருந்தது. மலையைச் சுற்றுலாவுக்குத் திறந்தபோதும் சரி, கட்டணம் வைத்தபோதும் சரி, எத்தனை பேர் ஏறலாம் என்று தீர்மானித்தபோதும் சரி, முடிவு எடுத்த இடத்தில் அவர்கள் இல்லை. வழி காட்டும்போது மட்டும் தேவைப்படுகிறார்கள்.

பக்கத்திலேயே பாடம்

வேறு மாதிரி செய்ய முடியும் என்பதற்கு வெகு தூரம் போக வேண்டாம். தேக்கடியில் பெரியாறு புலிகள் காப்பகத்தில் 1990களின் இறுதியில் ஒரு பரிசோதனை நடந்தது. காட்டில் திருட்டுத்தனமாக வயணப் பட்டை உரித்தவர்கள், வேட்டையாடியவர்கள் ஆகியோரிடம் வழக்குகளுக்குப் பதில் வேலை தரப்பட்டது. அவர்களே குழு அமைத்துப் பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துச் செல்கிறார்கள். இரவில் ரோந்து போகிறார்கள். வருமானத்தில் குழுவுக்குப் பங்கு. திருடனுக்குத் தெரிந்த பாதை காவலுக்குப் பயன்பட்டது. காட்டுக்கும் லாபம். பயணம் வருடத்தில் பல மாதம் நடப்பதால் கூலி சீசனோடு நிற்பதில்லை.

தமிழ்நாடு அரசும் 2024 அக்டோபரில் 40 மலைப்பாதைகளை இணையப் பதிவின் மூலம் திறந்தது. உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களுக்குப் பயிற்சி தந்து வழிகாட்டிகளாக அமர்த்தியது. குரங்கணித் தீ கற்பித்த பாடத்தின் ஒரு பகுதி இது.

பங்கு கேட்டால் என்ன ஆகும் என்று பயப்படுபவர்கள் எவரெஸ்ட்டைப் பார்க்கலாம். 2014 ஏப்ரல் 18ல் பனிச்சரிவில் 16 நேபாள வழிகாட்டிகள் இறந்தார்கள். இறந்தவர் குடும்பத்துக்கு அரசு முதலில் அறிவித்த தொகை 40,000 நேபாள ரூபாய். லட்சக்கணக்கில் பணம் கட்டி மலையேற வந்தவர்கள் காத்திருக்க, ஷெர்பாக்கள் ஏற மறுத்தார்கள். நேபாளப் பக்கத்தில் அந்த சீசனே முடிந்துபோனது. டென்சிங் காலத்திலிருந்து சிரித்த முகத்துடன் மூட்டை தூக்கியவர்கள் உட்கார்ந்துவிட்டபோதுதான், அவர்கள் இல்லாமல் யாரும் ஏற முடியாது என்பது உலகத்துக்குப் புரிந்தது.

காணிகள் அப்படி உட்காரவில்லை. அது அவர்கள் குணம். அதையே காரணமாக வைத்துக் கணக்கைத் தள்ளிப் போடுவது நியாயமாகாது.

அவசரம் இன்னொரு பக்கத்திலிருந்து வருகிறது. 2023ல் திருத்தப்பட்ட உயிரினப் பன்மைச் சட்டம், நூல்களில் ஏற்கெனவே பதிவான மரபு அறிவைப் பயன்படுத்துபவர்களுக்குப் பங்கு தருவதிலிருந்து விலக்கு அளிக்கிறது. காணிகளின் அறிவு நூலில் இல்லை, வாயிலும் காலிலும் இருக்கிறது. அதைப் பதிவு செய்து பாதுகாக்க வேண்டும் என்கிறது ஒரு தரப்பு. பதிவான மறுநாளே அது பொதுச் சொத்தாகிவிடும் என்று அஞ்சுகிறது மறு தரப்பு. இரண்டும் உண்மை. இதற்கிடையில் பள்ளிக்கும் பட்டண வேலைக்கும் போகும் பிள்ளைகள் இலையின் பெயரை மறக்க ஆரம்பித்தால் பதிவு செய்யவும் ஒன்றும் மிஞ்சாது. காட்டைத் தெரிந்து வைத்திருப்பதால் வருடம் முழுவதும் பிழைக்க முடியும் என்ற நிலை வந்தால்தான் ஒரு பையன் தகப்பன் பின்னால் காட்டுக்குள் நடப்பான்.

செய்ய வேண்டியது பெரிய விஷயமல்ல. நுழைவுக் கட்டணத்தில் நிலையான ஒரு பங்கு, காணி ஊர்க்கூட்டங்கள் கேட்டு அறியும் வகையில் கணக்கு. எத்தனை பேர், எந்த மாதம் என்ற முடிவில் மூட்டுக்காணிகளுக்கு ஒரு வாக்கு. வழிகாட்டிகளுக்கு விபத்துக் காப்பீடு. காட்டு நிழலில் ஆரோக்கியப் பச்சை பயிரிடத் துறையின் மேற்பார்வையோடு அனுமதி. இவற்றில் எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை. 2006 சட்டமும் தேக்கடி அனுபவமும் போதும்.

இந்த மலையைப் பற்றி வெளியுலகுக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி ஏதோ ஒரு காணி முன்னால் நடந்ததால் தெரிந்தது. களைத்துப்போன அந்நியருக்குத் தன் கையிலிருந்த பழத்தை 1987ல் அவர் நீட்டினார். பாதி உனக்கு, பாதி எனக்கு என்று அவர் அப்போது கணக்குப் பார்க்கவில்லை. அந்தக் கணக்கைப் பார்க்க வேண்டியவர்கள் பழத்தைத் தின்றவர்கள்தான்.